நடுவில் ஆள்

பல் டாக்டர் கோயமுத்தூருக்குக் குடிபோகும்போது
இரண்டு ஸ்பீக்கரையும் எனக்கு விற்றார்.
பதினெட்டாயிரம், பேரம் இல்லை.
அண்ணாநகரிலிருந்து வில்லாபுரத்துக்கு
லோடு ஆட்டோவில்
பழைய மெத்தை மேல் படுத்து வந்தன.
'பேஸ் கொஞ்சம் கம்மிதான் மேடம்,
எங்க ரூம் அப்படி.
ஸ்கிரீனை மாத்திப் பார்த்தேன்,
பீரோவை நகர்த்திப் பார்த்தேன்.'
பதினோரு வருஷம்.

ஞாயிறு மதியம்
வலது பெட்டியின் எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன்.
கண்ணாடிப் பஞ்சு. அதன் மேல்
பல்லி முட்டையின் இரண்டு ஓடு.
பேஸ் ஓட்டை வழியாக
ஒரு குடும்பம் வந்து போயிருக்கிறது.
பல்லி தலையில் விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் உண்டு,
ஸ்பீக்கருக்குள் பிறந்தால் என்னவென்று இல்லை.
எறிய மனமில்லாமல் ஓரமாக நகர்த்தினேன்.
அதற்கும் அடியில்
பூக்கட்டும் நாரை விட மெலிந்த வயர்,
செம்பு பச்சை பூத்து.
இவ்வளவு பெரிய மரப்பெட்டிக்குள்
இவ்வளவு கஞ்சத்தனம்.

டவுன்ஹால் ரோட்டில்
மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கடையில்
மீட்டர் முன்னூற்று நாற்பது என்றான் பையன்.
'ஆக்சிஜன் இல்லாத செம்புக்கா.'
காலை ஏழு முதல் மூன்று வரை
தல்லாகுளம் லேபில்
ரத்தத்துக்கு ஆக்சிஜன் சுமக்கத் தெம்பிருக்கிறதா என்று
குழாய் குழாயாய்ப் பார்க்கிறவள் நான்.
இல்லாததற்கா இந்த விலை என்றேன்.
'கேட்டுட்டுச் சொல்லுங்க.'
மூன்று மீட்டர்.

கைக்குழந்தையின் நரம்பையும்
ஒரே குத்தில் பிடிக்கிற கை இது.
ஆனாலும் முதல் ஈயத்துளி உருண்டு
நைட்டியில் பட்டாணி அளவு ஓட்டை.
இரண்டாவது பிடித்தது.
வலது முடிந்தது, இடது பழையபடி.
வித்தியாசம் தெரிய வேண்டுமே.

கீழ்வீட்டுக் குபேந்திரனைக் கூப்பிட்டேன்.
சுங்குடிக் கடையில் கணக்கு எழுதுகிறவர்.
பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை,
அதனால்தான் கூப்பிட்டேன்.
கண்ணை மூடி உட்கார்ந்தார்.
மாரியம்மன் கோயில் குழாய் ஓயட்டும் என்று காத்திருந்தோம்.
ஆடி மாதம். ஓயவில்லை.
ஜன்னலைச் சாத்தினேன்.

வலது மட்டும்.
இடது மட்டும்.
'ரெண்டும் ஒண்ணுதாங்க.'
ஆயிரத்து இருபது ரூபாய்.

பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டார்,
நாலணா இடிக்கிற கணக்கைக் கேட்பது மாதிரி.
'அங்கிட்டு ஒண்ணு பாடுது, இங்கிட்டு ஒண்ணு பாடுது.
நடுவுல ஆளே இல்லையே.'
டீ கிளாஸை ஸ்பீக்கர் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

என் கைதான் பிசகியது என்று
வலதைத் திரும்பத் திறந்தேன்.
சிவப்பில் சிவப்பு, கருப்பில் கருப்பு.
சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கி
பின்னால் தொட்டேன்.
கூம்பு முன்னால் குதித்தது.
இடதில் தொட்டேன்.
உள்ளே போனது.

திறந்தால்
சிவப்பின் இடத்தில் கருப்பு.
எந்த ஊர்க் கம்பெனியில்,
எந்தச் சாப்பாட்டு மணிக்கு முந்தைய அவசரத்தில் சுட்டதோ.
ஒன்று தள்ளத் தள்ள ஒன்று இழுத்து,
இதன் உழைப்பை அது தின்று.
பாவம், பீரோவை நகர்த்தியிருக்கிறார்.

வாங்கிய வயர் மீதி இருந்தது.
அதையே போட்டேன்.

இரவு பதினொன்று. கோயில் குழாய் ஓய்ந்திருந்தது.
பாடுகிறவள் வந்து
இரண்டு பெட்டிக்கும் நடுவே,
கூட்டுறவு வங்கிக் காலண்டர் தொங்குகிற இடத்தில்
நின்றாள்.
அடுத்த அடிக்கு முன்னால்
மூச்சை இழுத்தது கேட்டது.
போன் அடித்தது, கீழ்வீடு.
'என்னங்க, வீடு அதிருது.'
கடிகாரத்தில் இன்னும் மதியம் நாலு பத்து.

மறுநாள் லேபில் டீ நேரத்தில்
டாக்டருக்குப் போன் செய்தேன்.
'நல்லா இருக்கா மேடம்?'
'நல்லா இருக்கு சார். பேஸ் வருது.'
கொஞ்சம் பேசாமல் இருந்தார்.
பின்னால் அவர் வீட்டில் யாரோ
எதையோ நகர்த்துகிற சத்தம்.
'வயர் மாத்துனீங்களோ?'
'ஆமா சார். மாத்தித்தான் போட்டேன்.'

அதற்குள் சென்ட்ரிஃப்யூஜ் நின்றிருந்தது.
பன்னிரண்டு குழாய்.
முதல் பெயரைப் படித்தேன்.